காசினி வழியில் இன்னொரு குதிரை: எங்கே தேடுவது, எதை நம்புவது?

கேள்வி இது: தடைதாண்டும் போட்டிக் குதிரைகளுக்குப் பேர்போன ஜெர்மன் பொலிகுதிரை (இனவிருத்திக்கான ஆண்குதிரை) காசினி 1. அதன் பேரன் ஒன்று, 1.30 மீட்டர் வரை பல வருடம் தாண்டிவிட்டு 18 வயதில் ஓய்வுக்குப் போகிறது. ஏறியவருக்கு அடுத்த குதிரையும் அதே ரத்தத்தில் வேண்டும். ஆனால் விளம்பரத்தைத் திறந்தால் எல்லாக் குதிரையும் 'காசினி ரத்தம்' என்றுதான் இருக்கிறது. எதை வைத்துப் பிரிப்பது?

முதலில் ஒரு கணக்கு. தகப்பன், தாய் இருவரிடமிருந்தும் குட்டிக்குப் பாதிப் பாதி. தாத்தாவின் பங்கு சராசரியாகக் கால், கொள்ளுத்தாத்தாவின் பங்கு அரைக்கால். ஐந்தாம் தலைமுறையில் ஒரு தடவை வருகிற பெயருக்கு மூன்று சதவீதம் சொச்சம். ஆக, ஓய்வுக்குப் போகிற குதிரையிலேயே காசினி கால்வாசிதான். நீங்கள் விரும்பிய குதிரையின் முக்கால் பங்கு வேறு எங்கிருந்தோ வந்தது. விற்பவர்கள் பொலிகுதிரையின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், ஏனென்றால் வாங்குபவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தாய் பக்கம்.

அதற்கும் முன்னால், பழைய குதிரையில் பிடித்தது என்ன என்று தாளில் எழுதிப் பாருங்கள். "நல்ல குதிரை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. கம்பில் கால் பட்டால் அடுத்த தடையில் கூடுதலாகத் தூக்குமா? முன்னங்காலை மடக்கும் விதமா? ஆக்சரின் (இரட்டைக் கம்பு வைத்த அகலத் தடை) அகலத்தைச் சிரமமில்லாமல் கடக்கும் பலமா? தவறான தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் தானே சமாளித்துவிடுமா? இதில் முதல் மூன்றுக்கும் மரபில் ஓரளவு வேர் உண்டு. கடைசியில் இருப்பது பெரும்பாலும் பத்து வருட அனுபவம். போட்டி முடிவுகளை வைத்துப் பார்த்தால் தாண்டும் திறனில் மரபின் பங்கு பொதுவாகப் பத்து முதல் முப்பது சதவீதம் என்றுதான் கணிக்கிறார்கள். ஆள் ஏறாமல் தாண்டவிட்டுப் போடும் மதிப்பெண்ணில் அது இன்னும் கூடுதல். அனுபவமுள்ள கிழக்குதிரையைத்தான் மனசு தேடுகிறது என்றால் நான்கு வயதுக் காசினிப் பேரனால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ரத்தம் ஒன்றாக இருந்தும் ஏமாற்றம் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி வம்சத்துக்கு வருவோம். காசினி 1 (1988) ஹோல்ஸ்டைனர், அதாவது வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதி இனம். தகப்பன் காப்பிட்டோல் 1, தாய் விஸ்மா. விஸ்மா, கலேட்டோ 2-இன் மகள். கலேட்டோ 2, கோர் தெ லா பிரியேரின் மகன். இரண்டு நீரோட்டம் இங்கே கலக்கிறது. காப்பிட்டோல் பக்கத்திலிருந்து பலம், எலும்பு, பெரிய உடம்பு வருகிறது. கூடவே கொஞ்சம் கனமான வாயும் (கடிவாளத்துக்குச் சட்டென்று இணங்காதது), மெதுவாக முதிர்கிற சுபாவமும் வரும் என்பது வளர்ப்பாளர்கள் கணிப்பு. கோர் தெ லா பிரியேர் பிரெஞ்சுக் குதிரை, 1968-இல் பிறந்தது, தகப்பன் ரன்ட்ஸோ என்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்). 1971-இல் ஹோல்ஸ்டைனுக்குப் போய் அங்கே வம்சத்தையே மாற்றியது. முதுகை வில்லாக வளைத்துத் தாண்டுவதும் முன்னங்காலை வேகமாக மடக்குவதும் அது கொடுத்தவை.

இது தெரிந்தால் தேடும் வலை அகலமாகும். சென்டோ, இன்டாக்ட்ரோ இரண்டும் இதே கலப்பு: காப்பிட்டோல் 1 தகப்பன், தாய் கலேட்டோ 2-இன் மகள். சென்டோ 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜெர்மன் அணியோடு தங்கம் வாங்கியது, 2002-இல் உலகக் கோப்பை இறுதியை வென்றது. இரண்டிலும் மேலே இருந்தவர் ஓட்டோ பெக்கர். இன்டாக்ட்ரோ டச்சு வளர்ப்பில் பேர் எடுத்தது. கார்த்தாகோவும் கிட்டத்தட்ட அப்படித்தான்: காப்பிட்டோல் 1 தகப்பன், தாய் கலாண்டோ 1-இன் மகள், கலாண்டோ 1 மறுபடி கோர் தெ லா பிரியேரின் மகன். 'காசினி' என்ற பெயர் விலையை ஏற்றுகிற சந்தையில், அதே பொருள் இன்டாக்ட்ரோ அல்லது கார்த்தாகோ பேரில் கவனிப்பாரில்லாமல் நிற்கலாம். என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் பார்க்கச் சொல்வேன்.

எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு. ஹோல்ஸ்டைனில் 'சி' எழுத்தில் தொடங்கும் பொலிகுதிரைகள் ஏராளம். 'சி வழி' என்று விளம்பரத்தில் எழுதினால் அது காப்பிட்டோல் வழியாகவும் இருக்கலாம், கோர் தெ லா பிரியேர் வழியாகவும் இருக்கலாம். ஆண்வழியில் இரண்டுக்கும் உறவே இல்லை. காப்பிட்டோல் 1-இன் தகப்பன் காப்பிட்டானோ, அதன் தகப்பன் கார்ப்பரல், அதற்கு மேலே காட்டேஜ் சன் என்ற தரோபிரெட். கன்டெண்டர் 'சி' தான், ஆனால் அது கலிப்சோ 2 வழியாக கோர் தெ லா பிரியேருக்குப் போகிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாதீர்கள். காசினி 1, காசினி 2 உடன்பிறந்த சகோதரர்கள். தாளில் ரத்தம் ஒன்று. ஆனால் பெற்றோரிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் வந்த பாதி வேறு வேறு, குட்டிகளும் அப்படியே.

தாய் பக்கம் பார்ப்பதற்கு ஹோல்ஸ்டைனில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு தாய்வழிக்கும் 'ஷ்டாம்' என்று எண் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டிலோ வம்சத் தாளிலோ இருக்கும். உங்கள் பழைய குதிரையின் ஷ்டாம் எண்ணை எடுத்துக்கொண்டு ஹார்ஸ்டெலெக்ஸ், ஹிப்போமுண்டோ, ரிமோண்டோ போன்ற தளங்களில் தாயின் பெயரைத் தட்டுங்கள். நான் தேடும் வரிசை இப்படி இருக்கும்: தாயின் மற்றக் குட்டிகள், தகப்பன் யாராக இருந்தாலும் சரி, அதன் பிறகு தாயின் சகோதரிகளுக்குக் காசினி, சென்டோ, இன்டாக்ட்ரோ, கார்த்தாகோ அல்லது அவற்றின் மகன்கள் வழியாகப் பிறந்தவை, இவை இரண்டும் கிடைக்காதபோதுதான் பொதுவான 'காசினிப் பேரன்கள்'. வளர்த்தவர் பெயர் தாளில் இருக்கும், அவரைத் தேடிப் பிடித்து ஒரு தடவை பேசுங்கள். விற்பனைக்குப் போடாத மூன்று வயதுக் குட்டி லாயத்தில் நிற்பது அப்படித்தான் தெரியவரும்.

ஒரு தாயைக் கணிக்க எளிய சோதனை: போட்டி வயதை எட்டிய குட்டிகள் எத்தனை, அதில் 1.30-க்கு மேல் தாண்டியவை எத்தனை? வெவ்வேறு சாதாரணப் பொலிகுதிரைகளிடமிருந்து நான்கு குட்டி, மூன்று 1.35 தாண்டியது என்றால் அந்தத் தாய் வேலை செய்கிறாள். பொலிகுதிரையின் பட்டியலில் பத்து கிராண்ட் ப்ரீ (மிக உயர்ந்த மட்டப் போட்டி) பெயர்கள் இருந்தாலும், கீழே எத்தனை நூறு அல்லது ஆயிரம் குட்டி என்று தெரியாமல் அதற்கு அர்த்தமில்லை. மேலும் பேர்போன பொலிகுதிரைக்குத்தான் நல்ல பெட்டைகளும் நல்ல சவாரிக்காரர்களும் போகிறார்கள். கருமாற்று முறை (கருவை வேறு பெட்டையின் வயிற்றில் வைப்பது) வந்த பிறகு ஒரே பெட்டைக்கு ஒரே வருடத்தில் பல குட்டிகள் பதிவாகின்றன என்பதையும் மனதில் வையுங்கள். 'கிராண்ட் ப்ரீ குதிரையின் உடன்பிறப்பு' என்று சொன்னால், மற்ற உடன்பிறப்புகள் என்ன ஆயின என்று கேளுங்கள்.

காசினி எந்தத் தாயோடு சேர்ந்தது என்பதற்கும் எடை கொடுங்கள். 2006-இல் ஆகன் உலகப் போட்டியில் யோஸ் லான்சிங்கோடு தனிநபர் பட்டம் வென்ற குமானோ, காசினி 1-இன் மகன். தாய் லான்ட்கிராஃப் 1-இன் மகள். லான்ட்கிராஃப், லேடிகில்லர் என்ற தரோபிரெட்டின் மகன். காசினியின் கனத்துக்குத் துடிப்பான ரத்தம் ஈடு கொடுத்தது. இன்றைய குதிரையிலும் அதையே தேடலாம்: வம்சத் தாளில் காப்பிட்டோல் இரண்டு மூன்று தடவை வந்து, தரோபிரெட் வெகுதூரத்தில் இருந்தால், பலம் நிறைய இருக்கும், தரையை விட்டு எழும்பும் வேகம் குறையும்.

மதிப்பீட்டு எண்களில் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் வளர்ப்பு மதிப்பில் (குதிரையின் மரபுத் திறனைக் கணிக்கும் எண்) சராசரி 100, ஒரு படி விலகல் (சராசரியிலிருந்து எண்கள் பரவும் அளவு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 20. டச்சு மதிப்பில் சராசரி அதே 100, ஆனால் ஒரு படி விலகல் 4 தான். அதாவது ஜெர்மன் 120-ஐவிட டச்சு 108 தன் கூட்டத்தில் உயரத்தில் நிற்கிறது. பிரெஞ்சுத் தாளில் ஐ.எஸ்.ஓ. என்பது அந்தக் குதிரை அந்த வருடம் தானே சம்பாதித்த எண், பி.எஸ்.ஓ. என்பது மரபுக் கணிப்பு. எல்லா இடத்திலும் நம்பகத்தன்மையை ஒரு ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். போட்டிக்கே போகாத மூன்று வயதுக் குட்டியின் மதிப்பு என்பது பெற்றோரின் சராசரி, அவ்வளவுதான்.

பெயரை நம்பித் தேடாதீர்கள். விற்கும்போது பெயர் மாறும், புரவலர் வந்தால் மறுபடி மாறும். காசினி 1-இன் மகன் காஸ்பர், கெர்கோ ஷ்ரோடரோடு யூரோகாமர்ஸ் பெர்லின் என்ற பெயரில்தான் உலகத்துக்குத் தெரியும். மாறாதது 15 இலக்க யூ.ஈ.எல்.என். எண், குதிரைக்குப் பிறந்ததிலிருந்து உள்ள அடையாள எண். முதல் மூன்று நாடு (ஜெர்மனி 276, நெதர்லாந்து 528, பிரான்ஸ் 250), அடுத்த மூன்று பதிவேடு, மீதி ஒன்பது அந்தக் குதிரைக்கு உரியது. இந்த எண்ணால் தேடினால் பழைய பெயரில் ஆடிய போட்டிகளும், திடீரென்று ஒரு வருடம் காணாமல் போன இடைவெளியும் வெளியே வரும். அந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணை வாசித்து பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவதை நேரில் செய்ய வேண்டும். ஜெர்மன் குதிரைக்கு பாஸ்போர்ட் தனி, உரிமைப் பத்திரம் தனி. இரண்டும் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்கக் கூடாது.

வயதுக்கும் உயரத்துக்கும் தோராயமான பொருத்தம்: 4 வயதில் 1.10, 5-இல் 1.20, 6-இல் 1.30, 7-இல் 1.35 முதல் 1.40. காப்பிட்டோல் ரத்தம் கூடுதலாக இருந்தால் ஒரு வருடம் பின்தங்கினால்கூடக் குறையில்லை. உடம்பு பெரிது, சமநிலை தாமதமாக வரும். மறுபுறம், நான்கு வயதுக் குதிரை 1.50 ஆக்சர் தாண்டுகிற வீடியோ அனுப்பினால் அதைப் பாராட்டாகக் கொள்ளாதீர்கள். அந்த மூட்டுகளை யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான் அதில் இருக்கிறது.

வீடியோ கேட்கும்போது வெட்டாதது வேண்டும் என்று சொல்லுங்கள். கெட்டியான தரையில் நேராகப் போய் வரும் நடையும் டிராட்டும் (இரண்டு தாள ஓட்டம்), இரு பக்கமும் கேண்டர் (மூன்று தாளப் பாய்ச்சல்), கேண்டரில் முந்தும் காலை மாற்றுவது, கடைசியாக முழுப் போட்டிச் சுற்று ஒன்று, வெளியே போகிற வரைக்கும். ஸ்லோ மோஷன் காட்சியில் எந்தக் குதிரையும் அழகாகத்தான் தெரியும். முதலில் கேண்டரைப் பாருங்கள். பின்கால் வயிற்றுக்கு அடியில் வருகிறதா, மூன்று தாளம் தெளிவாகக் கேட்கிறதா, ஆள் சுருக்கச் சொன்னால் வேகம் மட்டும் குறைந்து துள்ளல் குறையாமல் இருக்கிறதா? கேண்டர் தட்டையாக இருந்தால் தடை உயர உயர எல்லாமே கஷ்டம், வம்சம் காப்பாற்றாது.

ஆள் ஏறாத தாண்டல் காட்டுகிறார்கள் என்றால் சுவரோரப் பாதையில் மூன்று தடை போட்டிருப்பார்கள். தரையில் ஒரு கட்டை, அதிலிருந்து கிட்டத்தட்ட 2.5 முதல் 3 மீட்டரில் சிறிய குறுக்குத்தடை, அதிலிருந்து 6.8 மீட்டர் அளவில் வெர்டிகல் (அகலமில்லாத நேர்த்தடை), பிறகு 7.0 முதல் 7.4 மீட்டரில் ஆக்சர். குதிரையின் ஸ்ட்ரைடுக்குச் (கேண்டரில் ஒரு எட்டு) சரியாக அளந்து, தடைக்கு முன்னால் தரைக்கட்டை போட்டுவிட்டால் சுமாரான குதிரையும் ராஜாவாகத் தெரியும். அதனால் கடைசி இடைவெளியை 20, 30 சென்டிமீட்டர் குறைத்து, உயரத்தைக் கூட்டாமல் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். சுருக்கத் தெரிந்த குதிரை தன் முதுகுக்குக் கீழே பின்காலைக் கொண்டுவந்து மேலே எழும்பும். தெரியாதது நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும். முன்னங்கை கிடைமட்டத்துக்கு வர வேண்டும், இரண்டு முட்டியும் ஒரே உயரத்தில். ஒரு முட்டி தொங்கினால் அது அழகுக் குறையோடு நிற்காது, கம்பு முட்டிக்கு மேலே சிக்கினால் குதிரையே கவிழும். உச்சியில் பின்னங்கால் பின்னோக்கித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பைத் தட்டிய பிறகு வரும் தாண்டல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒன்று கூடுதலாகத் தூக்கும், ஒன்று அலட்சியமாகப் போகும், ஒன்று பயந்து அவசரப்படும். உங்கள் பழைய குதிரையின் குணம் இருக்கிறதா என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும்.

நேரில் போனால் நீங்கள் வரும் முன் குதிரையை ஓட்டிச் சூடேற்றி வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, கால்களைத் தடவிப் பாருங்கள். லாயத்தில் நிற்கும் விதம், சேணம் போடும்போது காதும் வயிறும் என்ன செய்கின்றன, லாடம் அடித்த தேதி எல்லாம் கவனிக்க வேண்டியவை. முதலில் அவர்கள் ஆள் ஏறட்டும், பிறகு நீங்கள். 18.3 மீட்டர் இடைவெளியில் சாதாரணமாக 4 ஸ்ட்ரைட் வரும். அதையே 5 ஆக்கிப் பாருங்கள். சண்டை இல்லாமல் ஐந்து கிடைத்தால் அது உங்கள் குதிரையாகலாம். இங்கே ஒரு வழக்கமான தவறு நடக்கும்: பழைய குதிரைக்குக் கொடுத்த அதே கையையும் காலையும் புதுக்குதிரைக்குக் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டால் 'இது காசினி மாதிரி இல்லை' என்று திரும்பிவிடுவது. முதல் பத்து நிமிடம் எதுவும் கேட்காமல் ஏறி உட்காருங்கள். முடிந்தால் மறுநாளும் போய், அரங்குக்கு வெளியே சாலையில் ஒரு சுற்று.

மருத்துவப் பரிசோதனைக்கு விற்பவரின் மருத்துவர் வேண்டாம். மடக்குச் சோதனை (மூட்டைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு நொண்டலைப் பார்ப்பது), கெட்டித் தரையிலும் மணலிலும் வட்டத்தில் ஓடுவது, ஆள் ஏறி ஓடுவது, உயரமான குதிரை என்றால் குரல்வளைக்கு எண்டோஸ்கோப். இடது பக்கக் குரல்வளை செயலிழப்பது பெரிய குதிரைகளில் அதிகம், இந்த வழியோ பெரிய உடம்புக்காரக் கூட்டம். ஜெர்மன் வழிகாட்டியில் 2018 முதல் வழக்கமான எக்ஸ்ரே 18 படம். பழைய வகுப்பு எண்கள் அப்போதே ஒழிந்துவிட்டன. இன்னும் 'எக்ஸ்ரே முதல் வகுப்பு' என்று விளம்பரம் சொன்னால் படங்களையே கேளுங்கள். முதுகும் கழுத்தும் அந்த 18-இல் சேராது, தனியாக எடுக்க வேண்டும். ஹாக் மூட்டில் (பின்காலின் நடுமூட்டு) சிறிய எலும்புத் துணுக்கு இருந்து, வீக்கமோ நொண்டலோ இல்லாமல் இருந்தால் பேரம் பேசும் விஷயம். ஸ்டைஃபிள் மூட்டில் (பின்காலின் மேல்மூட்டு, நம் முட்டி போன்றது) பெரிய குறை என்றால் நான் விலகுவேன். பின்கால் சஸ்பென்சரி நாரை (கீழ்க்காலைத் தாங்கும் தசைநார்) எக்ஸ்ரே காட்டாது. தாண்டும் குதிரை அடிக்கடி கெடுவது அங்கேதான், அதனால் அந்த இடத்துக்கு ஸ்கேன் கேளுங்கள்.

இந்த வழிக்கே உரிய ஒன்று: காப்பிட்டோல் 1-உம் காசினி 1-உம் சாம்பல் குதிரைகள், குட்டிகளிலும் சாம்பல் நிறையப் பேர். சாம்பல் குதிரைகளில் வயதாக ஆகக் கருங்கட்டி (மெலனோமா) மிகச் சாதாரணம். வாலுக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றிலும், தாடைக்குப் பின்னால் தொண்டைப் பக்கத்திலும், ஆணாக இருந்தால் குறியுறையிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஐந்து வயதிலேயே பல கட்டிகள் இருந்தால் அது எங்கே இருக்கிறது, கடிவாளமோ வால்பட்டையோ உரசுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே விலை பேசுங்கள். பெட்டையாக வாங்கி நாளைக்குக் குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் டபிள்யூ.எஃப்.எஃப்.எஸ். (குட்டியின் தோல் வலுவிழக்கும் மரபுக் குறை) மரபணுச் சோதனையும் சேர்த்துவிடுங்கள். தாங்கிகள் (குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவை) முழு ஆரோக்கியமாகத்தான் இருக்கும், போட்டிக்குத் தடையில்லை. இரண்டு தாங்கிகள் சேர்ந்தால்தான் நான்கில் ஒரு வாய்ப்பு, பிழைக்காத குட்டி.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் சுத்தியல் விலைமேல் ஏலக் கட்டணமும் வரியும் ஏறும். மருத்துவக் கோப்பு முன்கூட்டியே கிடைக்கும், அதை உங்கள் மருத்துவர் படிக்காமல் கை தூக்காதீர்கள். தரகர் நடுவில் இருந்தால் யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறார் என்று எழுத்தில் கேளுங்கள், இரண்டு பக்கமும் வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஒப்பந்தத்தில் எந்த உயரத்துக்கு, எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதையும், விற்பவருக்குத் தெரிந்த பழைய காயம், ஊசி, அறுவை எல்லாவற்றையும் வரி வரியாகப் போடச் சொல்லுங்கள். பரிசோதனை நாளில் எடுக்கும் ரத்த மாதிரியை ஆய்வகத்தில் ஆறு மாதம் வரை வைத்திருக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் குதிரை நொண்ட ஆரம்பித்தாலோ, சோதனை நாளில் இருந்த சாது திடீரென்று வேறு ஆளாகிவிட்டாலோ, வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தார்களா என்று அப்போது அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கலாம்.